சரக்குக் கப்பலில் கண்டம் விட்டுக் கண்டம்: முதல் தடவை ஏறுகிறவர்களுக்கு

பெரிய கன்டெய்னர் கப்பல் ஒன்றில் ஆயிரக்கணக்கில் பெட்டிகள் இருக்கும். அவற்றை ஓட்டிப்போக இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள். சில கப்பல்களில் அவர்களோடு ஒன்றிரண்டு பயணிகளும் இருப்பார்கள். ஆள் பட்டியலில் அந்தப் பயணியைப் பெரும்பாலும் 'சூப்பர்நியூமரரி' என்று எழுதுவார்கள். கணக்குக்கு மேற்பட்ட ஆள் என்று அர்த்தம். அந்த வார்த்தையை மனதில் வாங்கிக்கொண்டவருக்கு இந்தப் பயணத்தில் பாதி சிரமம் குறைந்துவிடும். கப்பல் ஓடுவது பெட்டிகளுக்காக. எந்த நாள் கிளம்புவது, எந்த வழியாகப் போவது, எங்கே எவ்வளவு நேரம் நிற்பது எல்லாவற்றையும் தீர்மானிப்பது சரக்குதான். நாம் கூடப் போகிறோம், அவ்வளவே. இதைத் தாழ்வாக எடுத்துக்கொள்ளாதவருக்கு இதைப்போல் இன்னொரு பயணம் கிடையாது என்பது என் எண்ணம்.

உங்களுக்கு இது சரிவருமா?

முதலில் பணம். விமானத்தைவிட மலிவு என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம். கட்டணத்தை நாள் கணக்கில் போடுகிறார்கள். கேபினும் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து நாளொன்றுக்கு 100 யூரோவுக்குக் கீழே கிடைப்பது அரிது. வட அட்லாண்டிக்கைக் கடக்க 8 முதல் 12 நாள், பசிபிக் என்றால் இரண்டு வாரம் அல்லது அதற்கும் மேல், கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு மாதத்துக்கு மேல். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். துறைமுகக் கட்டணம், இன்சூரன்ஸ், விசாச் செலவெல்லாம் தனி.

கப்பலில் ஏதாவது வேலை செய்துகொண்டே ஓசியில் போய்விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. கடலோடிகளின் பயிற்சிக்கென 1978-ல் உருவான எஸ்டிசிடபிள்யூ ஒப்பந்தப்படி, கப்பலில் வேலை பார்ப்பவருக்குப் பயிற்சிச் சான்றிதழ்கள் வேண்டும். துடைப்பத்தைக்கூட உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது உடம்பு. சரக்குக் கப்பல் 12 பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. ஏற்றினால் 'சோலாஸ்' என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தப்படி அது பயணிகள் கப்பலாகிவிடும், விதிகளெல்லாம் மாறிவிடும். டாக்டர் இல்லாததால்தான் 12 என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. டாக்டர் கட்டாயம் என்பது வேறு விதி. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், 100 பேரோ அதற்கு மேலோ ஏறி மூன்று நாளுக்கு மேல் சர்வதேசக் கடலில் போகும் கப்பலுக்குத்தான் டாக்டரைக் கேட்கிறது. சரக்குக் கப்பலில் அத்தனை பேர் ஏறுவதே இல்லை. ஆக, டாக்டர் இருக்க மாட்டார். மருந்துப் பெட்டியைப் பெரும்பாலும் கப்பல் அதிகாரிகளில் ஒருவரான செகண்ட் மேட் கவனித்துக்கொள்வார். நிலைமை மோசமானால் கேப்டன் கரையிலுள்ள மருத்துவர்களிடம் தொடர்புகொண்டு யோசனை கேட்பார். ரோமிலுள்ள 'சிர்ம்' என்ற மையம் 1935-லிருந்து இந்த உதவியை இலவசமாகச் செய்துவருகிறது. ஆனால் நடுக்கடலில் நெஞ்சு வலித்தால் யோசனை வரும், ஆஸ்பத்திரி வராது. அதனால்தான் பெரும்பாலான கம்பெனிகள் 75, 80 வயதுக்கு மேல் ஏற்றுவதில்லை. கர்ப்பிணிகளையும் சின்னக் குழந்தைகளையும் அநேகமாக யாருமே ஏற்றுவதில்லை. மற்றவர்களிடமும் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். சில கப்பல்களில் லிஃப்ட் கிடையாது. ஆறு ஏழு மாடி உயரத்தைச் செங்குத்தான படிகளில் தினமும் பலமுறை ஏறி இறங்க முடியுமா என்று நேர்மையாக யோசியுங்கள்.

கப்பலைத் தேடுவது

2020-ல் கொரோனா வந்தபோது பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த கம்பெனிகள் அநேகமாக எல்லாமே நிறுத்திவிட்டன. பல கம்பெனிகள் இன்றுவரை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. எனவே பழைய பயணக் குறிப்புகளில் படித்த வழிகள் இன்றும் இருக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

துறைமுகத்துக்குப் போய்க் கேப்டனைப் பார்த்துப் பேசலாம் என்பதும் நடக்காது. 2004 ஜூலையில் ஐஎஸ்பிஎஸ் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு, பட்டியலில் பெயரில்லாதவர் துறைமுக வாசலையே தாண்ட முடியாது. வழி ஒன்றுதான்: சரக்குக் கப்பல் பயணத்துக்கென்றே இருக்கும் முகவர்கள். ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், இப்படிச் சில முகவர்கள் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். எந்தக் கம்பெனி இப்போது ஆள் ஏற்றுகிறது, எந்தக் கப்பலில் கேபின் காலி என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மூன்று முதல் ஆறு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். ஒரே தேதியைச் சொல்லாமல், 'இந்த இரண்டு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும்' என்று கேட்டால் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

பயணிகளை ஏற்றுவது பெரும்பாலும் இரண்டு வகைக் கப்பல்கள். ஒன்று கன்டெய்னர் கப்பல். வேகமானது, துறைமுகத்தில் நிற்கும் நேரம் குறைவு. பல சமயம் ஒரு நாள்கூட நிற்காது. இன்னொன்று ரோ-ரோ கப்பல். கார், லாரி, டிராக்டரையெல்லாம் உள்ளே ஓட்டி ஏற்றும் வகை. கொஞ்சம் நிதானமானது. சிலவற்றில் சொந்த வண்டியையே ஏற்றிக்கொள்ளலாம். எண்ணெய்க் கப்பலை மறந்துவிடுங்கள்.

வழியைப் பற்றியும் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதிலிருந்து ஆசியா-ஐரோப்பாக் கப்பல்கள் பலவும் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. அதனால் பத்து நாள் அளவுக்குப் பயணம் நீளும். நாள் கணக்கில் கட்டணம் என்பதை நினைவில் வையுங்கள். பாதி வழியில் கம்பெனி பாதையை மாற்றினால் கூடுதல் நாளுக்கு யார் பணம் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கேபினைப் பொறுத்தவரை ஒரு கேள்வி முக்கியம்: ஜன்னல் எந்தப் பக்கம், எந்த டெக், அதாவது எந்த மாடி? முன்பக்கம் பார்த்த ஜன்னல் என்றால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கீழ் டெக்காக இருந்தால் மூன்றடி தள்ளி ஒரு கன்டெய்னரின் துருப்பிடித்த கதவுதான் பயணம் முழுக்கத் தெரியும். மேல் டெக் போகப் போகக் காட்சி திறக்கும், ஆட்டமும் கூடும். கடல் நோய் வரும் உடம்பு என்றால் காட்சியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடு டெக்கைக் கேளுங்கள்.

காகிதங்கள்

இந்தப் பயணம் கெடுவது புயலால் அல்ல, காகிதத்தால். ஆகவே இதில் நேரம் செலவழியுங்கள்.

விசாவில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. இறங்கும் நாட்டுக்கு மட்டும் விசா எடுத்தால் போதாது. வழியில் கப்பல் நிற்கும் நாடுகளுக்கும், நீங்கள் தரையில் கால் வைக்காவிட்டாலும், விசா கேட்கப்படலாம். துறைமுகப் பட்டியலை வாங்கி ஒவ்வொரு நாட்டுக்கும் விசாரியுங்கள். அமெரிக்காவில் இது கறாரானது. விசா இல்லாமல் நுழையும் சலுகை பெற்ற நாட்டுக்காரரும் சரக்குக் கப்பலில் வந்தால் முறையான விசாவோடு வர வேண்டியிருக்கும். அந்தச் சலுகை, அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் நிறுவனங்களின் விமானத்திலோ கப்பலிலோ வருவோருக்குத்தான். இ-விசா தரும் நாடுகளும் அப்படித்தான். குறிப்பிட்ட சில விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக நுழைந்தால்தான் பல இ-விசாக்கள் செல்லும். உங்கள் கப்பல் நிற்கும் துறைமுகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விசாவின் தேதியும் முக்கியம். பத்து நாள் தாமதமானாலும் காலாவதி ஆகாதபடி முன்னும் பின்னும் இடம் விட்டு விண்ணப்பியுங்கள். தூதரகத்தில் விமானப் பயணச்சீட்டு கேட்பார்கள். அதற்குப் பதிலாக முகவர் தரும் பதிவுக் கடிதத்தில் கப்பலின் பெயர், ஏறும் இறங்கும் துறைமுகங்கள், உத்தேசத் தேதி இருக்கட்டும். 'தேதி மாறக்கூடியது' என்ற வரியும் அதிலேயே இருந்தால் நல்லது. இறங்கிய பின் அந்த நாட்டிலிருந்து எப்படி வெளியேறுவீர்கள் என்பதற்கும் ஆதாரம் கேட்கக்கூடும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பல கம்பெனிகள் எந்த வழியானாலும் கேட்கின்றன. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காப் பக்கம் நிற்கும் கப்பல் என்றால் தப்பவே முடியாது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், எனவே கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகிறது. முன்பே போட்டவர்கள் மறுபடி போட வேண்டியதில்லை.

இன்சூரன்ஸில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவச் செலவு, நோயாளியை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு, பிறகு டீவியேஷன் என்பது. உங்களுக்காகக் கப்பல் வழி மாறி வேறொரு துறைமுகத்துக்குப் போக நேர்ந்தால், அந்த எரிபொருளுக்கும் நேரத்துக்கும் ஆகும் செலவை ஈடுகட்டுவது இது. அந்தத் தொகை தனி ஆளால் தாங்கக்கூடியது அல்ல. சாதாரணப் பயணக் காப்பீட்டில் இது இருக்காது. முகவரிடம் கேட்டால் வழி சொல்வார். மருத்துவக் காப்பீட்டிலும் 'சரக்குக் கப்பல் பயணம் உட்படும்' என்று எழுதி வாங்குங்கள்.

தேதி என்பது ஒரு யூகம்

நான் முதல் முறை போனபோது ஏற வேண்டிய நாள் ஐந்து தடவை மாறியது. முந்தின துறைமுகத்தில் காற்று பலமாக அடித்துக் கிரேன்களை நிறுத்திவிட்டார்கள். பிறகு எங்கள் துறைமுகத்தில் இடம் காலியாகாமல் கப்பல் நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. யார் மேலும் தப்பில்லை, இந்தத் தொழிலின் நடைமுறையே அதுதான். கிளம்பும் வாரத்தில் கப்பலின் பெயரைப் போட்டு, கப்பல்கள் தாங்களே அறிவிக்கும் இருப்பிடத்தைக் காட்டும் ஏஐஎஸ் வரைபடச் செயலிகளில் அது எங்கே வருகிறது என்று நீங்களே பார்க்கலாம். ஏறும் துறைமுகத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள். தங்கும் அறையை, நீட்டிக்கவும் ரத்து செய்யவும் வசதியுள்ளதாகப் பிடியுங்கள். இறங்கிய மறுநாளுக்கு விமானமோ கல்யாணமோ வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும்.

துறைமுகத்தில் உங்களுக்கு உதவுபவர் கப்பலின் போர்ட் ஏஜென்ட், அதாவது கப்பல் கம்பெனிக்காக அங்கே வேலைகளைக் கவனிப்பவர். அவருடைய போன் எண் முகவர் வழியாகக் கிடைக்கும். எந்த டெர்மினல், எந்த வாசல், எத்தனை மணி என்பதை முந்தின நாள் அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே துறைமுகத்தில் டெர்மினல்கள் முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளித்தள்ளி இருக்கலாம். ரோட்டர்டாமில் பெரிய கப்பல்கள் நிற்கும் மாஸ்விளாக்தே, நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

ஏறுவது

டெர்மினலுக்குள் நடக்கக் கூடாது. வேனில் ஏற்றிக் கப்பலின் அருகே விடுவார்கள். ஹெல்மெட்டும் ஒளிரும் சட்டையும் கேட்கலாம். காலில் கெட்டியான ஷூ இருக்கட்டும்.

கேங்வே என்பது கப்பலின் பக்கவாட்டில் சாய்வாகத் தொங்கும் நீண்ட அலுமினிய ஏணிப்படி. கீழே வலை கட்டியிருக்கும். கப்பல் சரக்கு ஏறி அழுந்த அழுந்த, அலை ஏறி இறங்க இறங்க, படியின் சாய்வும் மாறும், அடிப்படி தரையில் மெல்ல உரசிக்கொண்டே இருக்கும். தலைக்கு மேலே கிரேன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். இரண்டு கையாலும் கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். சக்கரம் வைத்த சூட்கேஸ் இங்கே உதவாது. முதுகில் மாட்டும் பை கொண்டுபோங்கள். பெரிய பை இருந்தால் காவலுக்கு நிற்கும் மாலுமியைக் கேளுங்கள், கயிறு கட்டி மேலே இழுத்துவிடுவார். படியின் உச்சியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் பெயர், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்கள். இறங்கும் வரை அது கேப்டனிடம்தான் இருக்கும். பதற வேண்டாம், எல்லாத் துறைமுகங்களிலும் குடியேற்ற வேலையை அவர்தான் முடிக்கிறார். போட்டோ நகல் இரண்டு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

அன்றோ மறுநாளோ தேர்ட் மேட் உங்களை அழைத்துப்போய்ப் பாதுகாப்பு விஷயங்களைக் காட்டுவார். கூடும் இடம், உயிர்காப்புப் படகு, குளிர்நீரில் காக்கும் உடை. ஆபத்து மணி ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. ஏழு குறில், ஒரு நெடில் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அந்த உடையை ஒருமுறை போட்டுப் பாருங்கள். முதல் தடவை போட எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

கப்பலில் நாட்கள்

சாப்பாட்டு நேரம்தான் கப்பலின் கடிகாரம். காலை ஏழரை வாக்கில், பகல் பன்னிரண்டுக்கு முன்னும் பின்னும், மாலை ஐந்தரை வாக்கில். உங்களுக்கு ஆபீஸர்கள் மெஸ்ஸில் இடம் ஒதுக்குவார்கள். யார் நாற்காலி எது என்பது அங்கே வழக்கத்தில் இருக்கும், கேட்டுவிட்டு உட்காருங்கள். சமையல்காரர் ஒருவர்தான். தனிப்பட்ட உணவுக் கட்டுப்பாடு இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், அப்படியும் முழுக்க நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கெடாத உணவு கொஞ்சம் கையில் கொண்டுபோவது நல்லது. சோப்பு, பிஸ்கட், குளிர்பானம் எல்லாம் கப்பலின் சின்னக் கடையில் கிடைக்கும், 'ஸ்லாப் செஸ்ட்' என்பார்கள். மதுவை முழுக்கத் தடை செய்திருக்கும் கப்பல்கள் உண்டு.

நீங்கள் தினமும் சாப்பிடும் மருந்தைப் பயண நாட்களுக்கு மேல் மூன்று வாரத்துக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இணையம் சில கப்பல்களில் நன்றாகவே இருக்கிறது, சிலவற்றில் பயணிக்குக் கொடுப்பதில்லை. இல்லை என்று வைத்துக்கொண்டு வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்குப் போக கேப்டன் அனுமதிப்பது வழக்கம். முதல் நாளே கேளுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தேர்ட் மேட், பன்னிரண்டு முதல் நான்கு வரை செகண்ட் மேட், நான்கு முதல் எட்டு வரை சீஃப் மேட் என்று காலையும் மாலையும் முறை வைத்துக் காவல் நிற்பார்கள். எப்போது பேசலாம் என்பதைக் காவலில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். துறைமுகத்துக்குள் நுழையும்போதும், துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட் ஏறியிருக்கும்போதும், மீன்பிடிப் படகுகள் சூழும்போதும் மூலையில் பேசாமல் நில்லுங்கள். இரவில் பிரிட்ஜ் முழு இருட்டு. கதவைத் திறந்ததும் திரைச்சீலை தட்டுப்படும். அதைத் தாண்டியபின் அசையாமல் நில்லுங்கள். கண் பழகச் சில நிமிடம் ஆகும். முதலில் ரேடார் திரையின் மங்கிய வெளிச்சம், பிறகு ஒரு மனித உருவம், பிறகு கண்ணாடிக்கு வெளியே வானம் என்று ஒவ்வொன்றாகத் தெரியும். அங்கே செல்போனைத் திறந்தீர்களானால் காவலில் இருப்பவரின் கண்ணும் கூசிக் கெடும்.

அனுமதி வாங்கி, வானிலை நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறையாவது கப்பலின் முன் முனைக்குப் போய்வாருங்கள். இன்ஜின் பின்னால் இருநூறு மீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இத்தனை நாள் உடம்போடு ஒட்டியிருந்த அதிர்வு திடீரென்று இல்லாமல் போய், கப்பல் தண்ணீரைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். போகும்போதும் திரும்பும்போதும் பிரிட்ஜுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் தவறி விழுந்தால் பார்க்க அங்கே ஆள் கிடையாது.

எதையும் கடலில் வீசாதீர்கள். கடல் மாசைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தப்படி பிளாஸ்டிக் எதுவும் கடலில் விழக் கூடாது. மீறினால் சிக்குவது கப்பல்.

18 நாட், அதாவது மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் கப்பல் ஒரு நாளில் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் போகும். 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் மாறும். மேற்கே போனால் சில இரவுகள் ஒரு மணி நேரம் நீளும், கிழக்கே போனால் தூக்கத்தில் ஒரு மணி குறையும். அறிவிப்பு மெஸ் பலகையில் ஒட்டப்படும். பார்க்காமல் விட்டால் சாப்பாடு தவறிவிடும்.

ஆட்டமும் குமட்டலும்

முதல் இரண்டு மூன்று நாள்தான் அநேகருக்குக் கஷ்டம். மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை, ஆட்டம் தொடங்குமுன் போட வேண்டும். எது உங்களுக்கு ஏற்றது என்று கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றைக் காலியாக விடாதீர்கள். கேபினுக்குள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள்.

கப்பல் பக்கவாட்டில் உருளும் இரவில் தூக்கம் வராது. உடம்பு படுக்கையில் இப்படியும் அப்படியும் புரண்டுகொண்டே இருக்கும். அதற்கு மாலுமிகளிடம் ஒரு வழி இருக்கிறது. லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மெத்தையின் வெளிப்பக்க ஓரத்துக்கு அடியில் செருகிவிடுங்கள். மெத்தை சுவரோடு சேர்ந்து ஒரு பள்ளம்போல் ஆகும். அதற்குள் படுத்தால் உடம்பு நகராது. மேஜை மேல் எதையும் விட்டுவைக்காதீர்கள். இழுப்பறையைக் கொக்கி விழும் வரை தள்ளி மூடுங்கள். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும். கனத்த இரும்புக் கதவுகளின் சட்டத்தில் விரலை வைக்கவே வைக்காதீர்கள்.

வழித் துறைமுகங்களில்

கேங்வே அருகே பலகையில் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் எழுதியிருக்கும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். உங்களுக்காகக் கப்பல் நிற்காது. ஊருக்குப் போக வண்டி கிடைக்காவிட்டால் கடலோடிகளுக்கான சேவை மையங்களை விசாரியுங்கள். 1856-ல் தொடங்கிய மிஷன் டு சீஃபேரர்ஸ், 1920-ல் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் போன்ற அமைப்புகளின் வேன்கள் பல துறைமுகங்களில் வந்துபோகும். அவை மாலுமிகளுக்காக ஓடுபவை. மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காதவர்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் போன் பேசப் போகிறார்கள். இருக்கை மிஞ்சினால் மட்டும் ஏறுங்கள், உண்டியலில் பணம் போடுங்கள்.

இறங்கும் நாள்

முந்தின நாளே கடைக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். சமையல்காரருக்கும் கேபினைப் பார்த்துக்கொண்ட ஸ்டூவர்டுக்கும் அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். கரையில் உங்களை ஏஜென்ட் அழைத்துப்போவார், அல்லது குடியேற்ற அதிகாரி கப்பலுக்கே வருவார். இரண்டும் இல்லாமல் 'போகலாம், வாசல் அந்தப் பக்கம்' என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். சரக்குத் துறைமுகத்தில் பயணி இறங்குவது அபூர்வம் என்பதால், முத்திரை வைக்காமலே ஆளை வெளியே அனுப்பிவிட்ட சம்பவங்கள் உண்டு. அன்று வசதியாகத்தான் இருக்கும். அந்த நாட்டை விட்டு விமானத்தில் கிளம்பும்போது, எப்போது எப்படி நுழைந்தீர்கள் என்று கேட்பார்கள், காட்ட ஒன்றும் இருக்காது. நுழைவு முத்திரையோ பதிவுச் சீட்டோ கையில் வந்த பிறகே வாசலைத் தாண்டுங்கள். கப்பலின் பெயர், வந்து சேர்ந்த தேதி எழுதி கேப்டன் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் வாங்கிப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.